துணைக்குப் போகிறவருக்கும் சான்றிதழ் வேண்டுமா?

இலங்கை ஆண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு என்ற கூட்டு அதற்கு முக்கிய காரணம். மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களிலும் கிராமங்களிலும் இந்தக் கூட்டு நமக்குப் புதிதல்ல. ஆரம்பத்திலே கண்டால் குணப்படுத்தக்கூடிய நோய் இது. வாயைத் திறந்து பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்படியிருந்தும் நம்மவர் பலர் நோய் முற்றிய பின்னரே வைத்தியசாலைக்குப் போகின்றனர்.

ஏன் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு பதில் தருகிறது. 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் அது வெளிவந்தது. இலங்கையின் கிராமப்புறத்தில் 34 ஆரம்பச் சுகாதார ஊழியர்கள் ஒரு வருட காலத்தில் 28,000க்கு மேற்பட்டோரின் வாயைப் பரிசோதித்தனர். சந்தேகத்துக்குரிய 1,220 பேரை மேற்பரிசோதனைக்கு அனுப்பினர். போனவர்களோ ஏறக்குறையப் பாதிப்பேர்தான். ஊழியர்கள் தம் கடமையைச் சரியாகவே செய்தார்கள். துண்டு எழுதிக் கொடுத்த இடத்துக்கும் வைத்தியரின் மேசைக்கும் இடையிலேதான் மறுபாதி தொலைந்து போனது.

அந்த இடைவெளி எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண். தோட்ட டிஸ்பென்சரியில் துண்டு கொடுக்கிறார்கள். மாத்தளை வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய பேர் போயிற்று. சதைத்துண்டு எடுத்துவிட்டு இன்னொரு நாள் வரச் சொல்கிறார்கள். இன்னொரு பேரும் போயிற்று. முடிவு வந்தபின் கண்டிக்கு அனுப்புகிறார்கள். அங்கே சிங்களத்தில் சொன்னதில் பாதி விளங்கவில்லை. திருப்பிக் கேட்கக் கூச்சம். கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாட்களாகப் பல வாரங்கள் எடுக்கும். பிள்ளைகளை யார் பார்ப்பது? இலவச வைத்தியம் இருக்கிறதே என்று சொல்வோர் பஸ் காசையும் பேரையும் கணக்கில் எடுப்பதில்லை.

இதே இடைவெளியை நியூயோர்க்கில் ஏழைக் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லம் பகுதியில் கண்டவர் சத்திரசிகிச்சை வைத்தியர் ஹரல்ட் ஃப்ரீமன். 1990இல் அவர் நோயாளிகளுக்கு வழிகாட்டிகளை நியமித்தார். திகதி வாங்குவது, கடிதம் நிரப்புவது, பயந்தவரைக் கையைப் பிடித்து அழைத்து வருவது ஆகியவை அவர்களின் வேலை. அங்கே மார்பகப் புற்றுநோயாளருள் ஐந்து வருடம் உயிர்வாழ்ந்தோர் முன்னர் 39 வீதம். இலவசப் பரிசோதனையும் வழிகாட்டலும் சேர்ந்த பின் அது 70 வீதமாயிற்று.

இன்று அமெரிக்காவில் இது ஒரு தொழில். வழிகாட்டும் தாதியருக்கு ஒரு பரீட்சை, தாதியரல்லாத வழிகாட்டிகளுக்கு வேறொரு பரீட்சை. சான்றிதழைக் குறித்த காலத்துக்கொருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். நமக்கு அண்மையில், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும் டாட்டா சமூக விஞ்ஞான நிறுவனமும் சேர்ந்து இதற்கென ஒரு வருடப் படிப்பை நடத்தியுள்ளன. அதன் பெயர் 'கேவட்', அதாவது படகோட்டி. இராமாயணத்துப் படகோட்டியை நினைத்து வைத்த பெயர்.

துணைக்குப் போக நல்ல மனம் போதாதா, சான்றிதழ் எதற்கு என்று கேட்கலாம். நம் பங்குகளில் நோயாளியோடு பஸ் ஏறும் சகோதரிகளை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் "கத்தி பட்டால் பரவிவிடும்", "முதலில் இந்தக் கஷாயத்தைக் குடித்துப் பாருங்கள்" என்று சொல்வோரும் நல்ல மனம் உள்ளவர்களே. அந்தப் பேச்சில் மூன்று மாதம் போய்விட்டால் நோய் காத்திருக்காது. லயத்தில் ஒரு வீட்டில் சொன்ன நோய் மாலைக்குள் எல்லா வீடுகளுக்கும் தெரிந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. எதைச் சொல்லலாம், எதைத் தாதியிடமோ வைத்தியரிடமோ விட்டுவிட வேண்டும், எதை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற எல்லையைப் பயிற்சியே கற்பிக்கிறது. அந்த எல்லையை அறிந்தவர் என்பதற்கு அத்தாட்சியே சான்றிதழ். சம்பளம் கேட்கவும் அது வழி செய்கிறது. அமெரிக்காவின் முதியோர் மருத்துவக் காப்புறுதி 2024 முதல் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளின் சேவைக்குப் பணம் செலுத்துகிறது.

நம் மாவட்டத்தில் இப்படியொரு பயிற்சி தொடங்குமானால் தமிழும் சிங்களமும் பேசும் தோட்டத்து இளம் பெண்களையே முதலில் சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து. அதுவரை, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணோடு யாராவது வந்தால், துணைக்குப் போகிறவர் கிளினிக் கொப்பியையும் சதைப் பரிசோதனை முடிவையும் கையோடு எடுத்துச் செல்லட்டும். அடுத்த திகதியைக் கேட்டு எழுதிக்கொண்டே திரும்பட்டும்.