மண்ணுக்குள்ளே ஒரு வேலைக்காரக் கூட்டம்



லயத்துக் காய்கறித் தோட்டத்தில் போஞ்சிச் செடியைப் பிடுங்கும்போது வேரைப் பார்த்திருக்கிறீர்களா? சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். லேசாகக் கழன்று வரும் முடிச்சு நோயல்ல, ரைசோபியம் என்ற பக்டீரியா குடியிருக்கும் வீடு. கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது.

என்ன வேலை? காற்றில் 78 வீதம் நைதரசன். தேயிலை அதை நேரே எடுக்க முடியாது. இந்தப் பக்டீரியா அதைப் பிடித்து, தான் குடியிருக்கும் செடிக்கு உணவாக்கிக் கொடுக்கும். மலையில் நிற்கும் டடாப் மரத்தின் வேரிலும் இதே கதைதான். அதன் இலையைத் தேயிலை அடியில் போட்டால், மண்ணிலுள்ள வேறு பக்டீரியாக்கள் அதை மக்கவைத்துச் சத்தைத் தேயிலைக்குச் சேர்க்கும்.

2021இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்ட பிறகு கொழுந்து குறைந்ததை மறக்க முடியுமா? பக்டீரியா மட்டும் உரத்துக்கு ஈடாகாது. ஆனால் இருக்கிற சத்தையும் ஏன் இழக்க வேணும்? கொழுந்து குறைந்தால் நமக்கு அரைப் பேர்தான்.

அடுப்புக்கு விறகு வேணும், தெரியும். தடித்த கொப்பை எடுங்கள். இலையையும் மெல்லிய குச்சியையும் தேயிலை அடியில் விடுங்கள். போஞ்சி காய்ப்பு முடிந்ததும் பிடுங்காமல் தண்டை மட்டும் வெட்டுங்கள். வேர் மண்ணிலேயே கிடக்கட்டும்.