உங்களுக்குத் தெரியுமா? இறுகாத முடிச்சு

வடமதுரை வட்டாரத் தோட்டங்களில் ஆழமான திறந்த கிணறுகள் உண்டு. உள்ளே விழுந்தவரைச் சாதாரணச் சுருக்குப் போட்டுத் தூக்கினால், பாரம் ஏற ஏறக் கயிறு உடலை இறுக்கிவிடும். சாரணர்கள் பழகும் 'போலைன்' முடிச்சின் வளையம் இறுகாது. கயிற்றில் சிறு கண் விட்டு, நுனியை அடியிலிருந்து அதற்குள் மேலே இழுத்து, நீள்கயிற்றின் பின்பக்கமாகச் சுற்றி, அதே கண்ணுக்குள் திரும்ப இறக்கி இழுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழகியிருப்பது நல்லது. விபத்து பகலில்தான் நடக்கும் என்றில்லை!

சாரணரின் கழுத்துத் துணியும் அழகுக்கு மட்டுமல்ல. விரித்தால் முக்கோணம், அடிபட்ட கையைத் தாங்கும் தூளி. அதைக் கட்டுவது 'ரீஃப்' முடிச்சு: தட்டையாகப் படியும், உறுத்தாது, சுலபமாக அவிழும்.

சாரணர்களில் ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் அணி. அணித்தலைவரும் அவர்களில் ஒருவரே. கூடாரம் போடுவது, சமைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

தொடக்கத்தில் இந்தியச் சிறுவர்களுக்குச் சாரணர் இயக்கத்தில் இடமே இல்லை. 1916இல் அன்னி பெசன்ட் அவர்களுக்காகச் சென்னையில் தனிச் சங்கம் தொடங்கினார். பிரிந்து கிடந்த சாரணர் அமைப்புகள் 1950 நவம்பர் 7 அன்று ஒன்றாக இணைந்தன.