படத்தில் மழை, வழியில் மழை

அமெரிக்காவில் சிறுவிமானம் ஓட்டுபவர்கள் பலருக்கு வானிலைத் தகவல் செயற்கைக்கோளிலிருந்தே வந்து இறங்குகிறது. கார்களுக்குப் பாட்டும் செய்தியும் ஒலிபரப்பும் சிரியஸ் எக்ஸ்எம் நிறுவனம்தான் இதையும் அனுப்புகிறது. பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அதன் செயற்கைக்கோள்கள் உள்ளன. விமானத்தில் ஒரு சின்ன ஆன்டெனாவும் ரிசீவரும் போதும். தரையில் நிற்கும்போதும் கிடைக்கும், எந்த உயரத்தில் பறந்தாலும் கிடைக்கும்.

விமான நிலையங்களின் தற்போதைய வானிலை, அடுத்த சில மணி நேரத்துக்கான கணிப்பு, மேல்வானக் காற்று எல்லாம் இதில் வரும். எந்த உயரத்தில் எதிர்காற்று குறைவு என்று தெரிந்தால் எரிபொருள் கணக்கே மாறிவிடும். ஆனால் விமானியின் கண் முதலில் போவது ரேடார் படத்துக்குத்தான். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மழையின் வலு நிறங்களில் தெரியும்.

அந்தப் படத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. நாடெங்கும் உள்ள சுமார் 160 ரேடார்களின் பதிவுகளை ஒட்டித் தைத்த படம் அது. ஒவ்வொரு ரேடாரும் பல கோணங்களில் சுழன்று வானத்தை ஒருமுறை அளந்து முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். பிறகு தைக்க வேண்டும், மேலே அனுப்ப வேண்டும். திரையில் 'ஒரு நிமிடம்' என்று காட்டுவது படம் தைக்கப்பட்ட நேரத்திலிருந்து எண்ணிய வயது; மழையின் வயது அல்ல. சில சமயம் உள்ளிருக்கும் பதிவு அதைவிட 15 முதல் 20 நிமிடம் வரை பழையதாக இருக்கலாம் என்று அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் எச்சரித்தது. உயிர்கள் பலியான இரண்டு விபத்துகளை அது எடுத்துக்காட்டியது.

இடிமழை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால் 20 நிமிடத்தில் 20 கிலோமீட்டர் தள்ளிப்போயிருக்கும். கடும் இடிமழையிலிருந்து குறைந்தது 32 கிலோமீட்டர் விலகிப் பறக்கச் சொல்கிறார்கள். அந்த இடைவெளியில் பெரும்பகுதியைத் தாமதமே விழுங்கிவிடும். இரு சிவப்புத் திட்டுகளுக்கு நடுவே தெரியும் இடைவெளி, விமானம் அங்கே போய்ச் சேரும்போது மூடியிருக்கலாம்.

விமானத்தின் சொந்த ரேடார் அந்தக் கணத்தைக் காட்டும். ஆனால் கனமழைக்குப் பின்னால் மறைந்திருக்கும் மழையை அது தவறவிடக்கூடும். அங்கே செயற்கைக்கோள் வழி வரும் படம் உதவும். ஆனால் தாமதம் இருப்பதால், இந்தப் படத்தை வைத்து இடிமழைகளுக்கு நடுவே நுழையக் கூடாது. நூறு கிலோமீட்டருக்கு முன்பே திட்டத்தை மாற்றிச் சுற்றிப் போகலாம், அல்லது பக்கத்து விமான நிலையத்தில் இறங்கி மழை கடந்துபோகும்வரை காத்திருக்கலாம்.