எலி வளையும் ஏவுகணைத் தளமும்!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவிலுக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? ஜன்னலோரம் உட்கார்ந்தால் வழி நெடுகத் தொழிற்சாலைகள்தான். ஒரு மதில் சுவருக்குள் கார் தயாராகிறது, இன்னொன்றில் லாரி, அடுத்ததில் மோட்டார் சைக்கிள். வேலை செய்பவர்களில் பாதிப் பேர் மனிதர்கள், மீதி இயந்திரக் கைகள்!

அந்த மதில்களுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் வயலும், ஏரிக்கரையும், முள்ளுக்காடும் மிச்சம் இருக்கின்றன. விடியற்காலையில் அங்கே ஒருவர் கையில் கடப்பாரை, தோளில் கோணிப்பையோடு வரப்பில் குனிந்து குனிந்து நடந்தால், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மண்ணைப் படித்துக் கொண்டிருக்கிறார். நீங்கள் பாடப் புத்தகத்தைப் படிக்கிற மாதிரியே!

அவர் இருளர் பழங்குடியைச் சேர்ந்தவர். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் இருளர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். எலி பிடிப்பதிலும் பாம்பு பிடிப்பதிலும் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

முதலில் எலிக் கதையைப் பார்ப்போம். வயல் எலி பெரிய தந்திரசாலி. வளைக்கு ஒரு வாசல் வைத்துவிட்டு, தப்பிக்கத் தனியாகக் கொல்லைப்புற வழியும் தோண்டி வைத்திருக்கும். உள்ளே நெற்கதிர்களைச் சேமிக்க ஓர் அறை வேறு! இருளர்கள் செய்வது என்ன தெரியுமா? தப்பிக்கும் வழிகளையெல்லாம் தேடிக் கண்டுபிடித்து மண்ணால் அடைத்துவிடுவார்கள். ஒரு மண் பானையில் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தி, பானையின் வாயை வளை வாசலில் பொருத்துவார்கள். பானையின் அடியில் ஒரு ஓட்டை இருக்கும். அதில் வாயை வைத்து ஊத வேண்டும். புகை உள்ளே போகும், எலி மயங்கும், பிறகு தோண்டி எடுப்பார்கள். எலி திருடி வைத்த நெல்லும் கிடைக்கும். எலியும் அவர்களுக்கு உணவுதான்.

கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? ஆனால் ஊதுகிறவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பாதிப் புகை அவர் நெஞ்சுக்குள்ளேயே போய்விடும். உதடும் கையும் சுட்டுப் புண்ணாகும். பல தலைமுறையாக இப்படித்தான் ஊதினார்கள்.

இதைப் பார்த்த சேது சேதுநாராயணன் என்பவர், பானைக்குப் பதிலாக எஃகினால் ஒரு கருவியை உருவாக்கினார். கைப்பிடியைச் சுற்றினால் போதும், காற்று அடித்துப் புகையை வளைக்குள் தள்ளும். வாயே வைக்க வேண்டாம்! 2003-ல் உலக வங்கி நடத்திய போட்டியில் இந்தக் கருவிக்கு நிதி உதவி கிடைத்தது. அதைத் தயாரிக்கும் வேலையில் இருளர் பெண்களும் ஈடுபட்டார்கள்.

பழையது நல்லதா, புதியது நல்லதா என்று பட்டிமன்றம் வைப்பவர்கள் இந்தக் கருவியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். புகை ஊதும் வேலையை மட்டும்தான் அது எடுத்துக் கொண்டது. எந்த வளையில் எலி இருக்கிறது, கொல்லைப்புற வழி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அந்த எஃகுப் பெட்டிக்குத் தெரியாது. வளை வாசலில் தள்ளியிருக்கும் மண் ஈரமாக, புதிதாக இருந்தால் உள்ளே ஆள் உண்டு. வாசலில் சிலந்தி வலை கிழியாமல் இருந்தால் வீடு காலி. வாசல் மண் வழவழவென்று தேய்ந்திருந்தால்... கவனம்! எலியைத் தின்றுவிட்டு, அதன் வீட்டிலேயே பாம்பு குடியேறியிருக்கலாம்.

ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரம் இங்கே அமோகமாக நடந்தது. கைப்பை, இடுப்புப் பட்டை, செருப்பு செய்ய வெளிநாட்டுக்குத் தோல் போனது. பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள், லாபம் பார்த்தவர்கள் வியாபாரிகள். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை விதித்தார்கள். பாம்புகளுக்கு நல்ல காலம்! ஆனால் இருளர்களுக்கு? தெரிந்த ஒரே தொழில் ஒரே நாளில் குற்றமாகிவிட்டது. பிழைப்பு தேடிப் போனவர்களில் பலர் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாகச் சிக்கிக் கொண்டது வேதனையான கதை.

அப்போதுதான் ஒரு புது வழி பிறந்தது. சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில், 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. இது கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் இருக்கிறது. அரசு அனுமதியோடு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வருவார்கள். சுமார் மூன்று வாரம் மண் பானையில் வைத்து, நான்கு முறை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஒரு சிறு அடையாளம் இட்டு, காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு மறுபடி சிக்கினால், 'நீ போன முறை வந்தவன்தானே, போ!' என்று அனுப்பிவிடலாமே!

அந்த விஷத்தை மிகச் சிறிய அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துத்தான் பாம்புக்கடி மருந்து தயாரிக்கிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். யாரையாவது பாம்பு கடித்தால் கடிவாயைக் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். இருளர் வேலையைப் பார்த்துவிட்டு நாமும் பாம்பு பிடிக்கலாம் என்று கிளம்புவது படு முட்டாள்தனம், சொல்லிவிட்டேன்!

இப்போது அமெரிக்காவுக்குப் போவோமா?

ஃப்ளோரிடா மாநிலத்தில் எவர்கிளேட்ஸ் என்ற பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது. சிலர் ஆசைக்கு வளர்த்த பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும், வளர்த்தவர்களே விட்டுவிட்டதாலும் அங்கே பெருகிவிட்டன. 2012-ல் வெளியான ஆய்வின்படி, மலைப்பாம்புகள் நீண்ட காலமாக இருந்த பகுதிகளில் ரக்கூன் என்ற விலங்கு கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டது. முயல்களைக் காணவே காணோம்!

அமெரிக்கர்கள் சும்மா இருப்பார்களா? மோப்ப நாய்களை இறக்கினார்கள். ஆண் பாம்பின் உடலுக்குள் ரேடியோ கருவியைப் பொருத்தி விட்டார்கள். அது பெண் பாம்பைத் தேடிப் போகும்போது பின்னாலேயே போனார்கள். வெப்பத்தைக் காட்டும் கேமராவை வைத்துப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். பாம்பு குளிர் ரத்தப் பிராணி. சுற்றுப்புறம் எந்தச் சூட்டில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதே சூட்டில்தான் அதுவும் இருக்கும். கேமராவுக்குப் புல்லும் பாம்பும் ஒன்றாகத் தெரிந்தால் என்ன செய்வது? 2016-ல் மலைப்பாம்பு பிடிக்கும் போட்டி வைத்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டு ஒரு மாதத்தில் பிடித்தவை 106.

2017 ஜனவரியில் நம் ஊரிலிருந்து இரண்டு பேர் போய் இறங்கினார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால். இருவரும் இருளர்கள். ஆங்கிலம் தெரியாது, அதனால் மொழிபெயர்ப்பாளர்களும் கூடவே போனார்கள். அங்குள்ள வேட்டைக்காரர்கள் வண்டியில் சாலையோரமும் கரையோரமும் போய்ப் பார்ப்பது வழக்கம். இவர்களோ கையில் ஓர் இரும்புக் கம்பியோடு நேராகப் புதருக்குள் நுழைந்தார்கள். தடம், எச்சம், உரித்த சட்டை இவற்றைப் பார்த்தே பாம்பு எப்போது போனது, எந்தப் பக்கம் போனது என்று சொன்னார்கள். முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகள்! அவற்றில் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு. எங்கே ஒளிந்திருந்தது தெரியுமா? கைவிடப்பட்ட ஒரு பழைய ஏவுகணைத் தளத்தில்!

2023-ல் இருவருக்கும் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஃப்ளோரிடாக்காரர்கள் தேடலை நிறுத்தவில்லை. 2025-ல் சூரிய சக்தியில் இயங்கும் இயந்திர முயல் பொம்மைகளை வயலில் வைப்பதுபோல் சதுப்பில் வைத்தார்கள். நிஜ முயல்போல அசையும், உடம்பு சூடாகவும் இருக்கும். பாம்பு நெருங்கி வந்தால் கேமரா தகவல் அனுப்பும். நல்ல யோசனைதான். ஆனால் பாம்பு முயலைத் தேடி வரும் வரை காத்திருக்க வேண்டுமே!

நம் ஊர் இருளர்களுக்கு வேறு கவலை. வயல் இருந்தால்தான் எலி, எலி இருந்தால்தான் பாம்பு. ஒரகடம் பக்கத்தில் சுவர் எழுப்ப எழுப்ப, படிப்பதற்கான மண் சுருங்கிக்கொண்டே வருகிறது. இருளர் பிள்ளைகள் இப்போது பள்ளிக்குப் போகிறார்கள். போகத்தான் வேண்டும். அவர்களுடைய தாத்தாக்கள் கற்றது அப்பாவின் பின்னால் வரப்பில் நடந்து நடந்து. எந்தப் பாடப் புத்தகத்திலும் அது இல்லை. உங்கள் வகுப்பில் அப்படி ஒரு நண்பன் இருந்தால் கேட்டுப் பாருங்கள், உங்கள் அறிவியல் பாடத்தில் இல்லாத நாலு விஷயமாவது சொல்வான்.

வயல்பக்கம் போகும்போது ஒரு வளை தென்பட்டால் கையை விடாதீர்கள், குச்சியும் விடாதீர்கள். நாலடி தள்ளி நின்று பாருங்கள். வாசலில் சிலந்தி வலை இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா?