ஈறுல ரத்தம், விரல்ல வலி

பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? பெரும்பாலும் ஒண்ணும் பண்ண மாட்டோம். கொப்பளிச்சுத் துப்பிட்டு ஆபீஸ் கிளம்பிடுவோம். அந்த ரத்தத்துக்கும் முடக்குவாதத்துக்கும் என்ன சம்பந்தம்னுதான் இன்னைக்குப் பேசப்போறேன்.

முடக்குவாதம்னா ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். வயசானா வர்ற மூட்டுத் தேய்மானம் வேற, இது வேற. நம்ம உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டோட உள்சவ்வைத் தாக்குது. முப்பது வயசுலயும் வரும், பெண்களுக்கு அதிகம். காலையில எழுந்தா விரலை மடக்க முடியாது, அந்த விறைப்பு விடவே பல பேருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

பல்லுக்கும் மூட்டுக்கும் முடிச்சுப் போடுறது புதுசு இல்ல. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல அமெரிக்காவுலயும் பிரிட்டன்லயும், வாயில ஒளிஞ்சிருக்குற கிருமிதான் மூட்டுவலிக்குக் காரணம்னு நம்பி வரிசையாப் பல்லைப் பிடுங்கினாங்க. டான்சிலையும் விட்டுவைக்கல. 1938ல ரசல் சீசில்ங்கிற அமெரிக்க டாக்டரும் அவரோட சக ஆய்வாளரும் 200 முடக்குவாத நோயாளிகளை அலசிப் பாத்து, இதுல பலன் இல்லைன்னு எழுதினாங்க. பல்லும் போச்சு, வலியும் போகல. அதோட அந்தக் கொள்கையே மதிப்பிழந்துச்சு.

ஆனா சந்தேகம் முழுசா சாகல. இப்போ அது திரும்பி வந்திருக்குறது வேற வழியில.

முடக்குவாதம்னு சந்தேகப்பட்டா டாக்டர் 'ஆன்டி சிசிபி'ன்னு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுவார். நம்ம புரதத்துல இருக்குற ஆர்ஜினின்ங்கிற அமினோ அமிலம் சில நேரம் சிட்ரூலினா மாறும். (தர்பூசணியில இருந்து முதல்ல பிரிச்சதால அந்தப் பேரு. பழம் சாப்பிட்டா நோய் வராது, பயப்படாதீங்க.) அப்படி மாறின புரதத்தை எதிரின்னு நினைச்சு உடம்பு தயாரிக்கிற ஆன்டிபாடியைத்தான் அந்தப் பரிசோதனை தேடுது. முக்கியமான விஷயம், மூட்டு வலிக்க ஆரம்பிக்குறதுக்குப் பல வருஷம் முன்னாடியே இந்த ஆன்டிபாடி ரத்தத்துல இருக்கலாம். அப்போ சண்டை மூட்டுல தொடங்கல. பின்ன எங்க தொடங்குச்சு?

நுரையீரல், குடல்னு சில இடங்கள் மேல சந்தேகம் இருக்கு. ஈறும் அதுல ஒண்ணு. ஈறு நோய்க்குப் பேர்போன போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்ங்கிற பாக்டீரியாகிட்ட, புரதத்தை அப்படி மாத்துற நொதி சொந்தமாவே இருக்கு. பாக்டீரியாக்கள்ல இது ரொம்ப அபூர்வம். 2016ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இன்னொரு ஈறு பாக்டீரியாவைப் பிடிச்சாங்க. அதோட நச்சு வெள்ளை அணுக்கள்ல ஓட்டை போடுது. உடனே அந்த அணுக்களுக்குள்ள நம்ம சொந்த நொதியே கட்டுப்பாடு இல்லாம வேலை செய்யுது. 2023ல வந்த ஆய்வு இன்னும் நேரடியானது. ஈறு நோயும் சேர்ந்து இருக்குற முடக்குவாத நோயாளிகளோட ரத்தத்துல, வாய் பாக்டீரியாக்கள் திரும்பத் திரும்ப வந்துபோன தடயம் கிடைச்சுது. ஈறு கிழிஞ்சா அது திறந்த கதவு மாதிரிதான்.

இதை வெச்சு 'ஈறுதான் காரணம்'னு அடிச்சுச் சொன்னா, நூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்த கதைதான் மறுபடியும். ஈறு நோய் இருக்குற பெரும்பாலானவங்களுக்கு முடக்குவாதம் வர்றதில்ல. மரபணுவும் வேணும். சிகரெட் ரெண்டு நோய்க்குமே தீனி போடுது. எதிர்த்திசையும் உண்டு: விரல் வீங்கினவங்களால பிரஷ்ஷைச் சரியாப் பிடிக்கவே முடியாது, அதனாலயே ஈறு கெடும். ஈறு சிகிச்சைக்கு அப்புறம் மூட்டு வீக்கம் குறைஞ்சதா சில சின்ன ஆய்வுகள் சொல்லுது. வேற சிலதுல வித்தியாசமே தெரியல. அதனால மெத்தோட்ரெக்ஸேட் மாதிரி மாத்திரையை நிறுத்திட்டுப் பல் டாக்டர்கிட்ட ஓடாதீங்க. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே போங்க, என்ன சாப்பிடுறீங்கன்னு அவர்கிட்டயும் சொல்லுங்க.

'கிளீன் பண்ணா பல் ஆடும்'னு நம்ம வீட்டுல சொல்லுவாங்க இல்ல? பல்லை ஆட வைக்கிறது ஈறு நோய். காரை படிஞ்சு ஏற்கனவே எலும்பு கரைஞ்சிருக்கும். காரையை எடுத்ததும் அந்த ஆட்டம் வெளிய தெரியுது, அவ்வளவுதான். வீட்டுல யாருக்காவது முடக்குவாதம் இருந்தா, அவங்க பிரஷ் கைப்பிடியில துணியைச் சுத்தித் தடிமனாக்கிக் குடுங்க, இல்லைன்னா ஒரு எலக்ட்ரிக் பிரஷ் வாங்கிக் குடுங்க.