முளைக்காத பல்லும் சுரக்காத வியர்வையும்

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது பழமொழி. அழகு மட்டுமன்று, உடலுக்குள் மறைந்திருக்கும் குறையும் முகத்தில் தெரியும் என்பர் மருத்துவர். ஒரே காரணத்தால் உடலின் பல இடங்களில் சேர்ந்து தோன்றும் அடையாளங்களின் தொகுதிக்குச் ‘சிண்ட்ரோம்’ என்று பெயர். விலங்கியல் முதுகலை பயிலத் திருப்பதிக்கு வந்த நான், இங்கு முதலில் கற்றது வெயிலைத்தான். அவ்வெயிலோடு தொடர்புடைய ஒரு சிண்ட்ரோமை ஈண்டு விளக்க விழைகின்றேன்.

சார்லஸ் டார்வின் 1875-இல் தம் நூலொன்றின் இரண்டாம் பதிப்பில் சிந்து நாட்டு இந்துக் குடும்பம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். அதில் நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு, இரு தாடைகளிலும் சேர்த்துச் சிறிய முன்பற்கள் நான்கும் கடைவாய்ப் பற்கள் எட்டுமே இருந்தன. உடலில் மயிர் மிகக் குறைவு, இளமையிலேயே வழுக்கை. கோடையில் தோல் வறண்டு பெரிதும் வருந்தினர். பெண்களுள் ஒருவருக்கும் இக்குறை இல்லை. ஆயினும் அவர்கள் பெற்ற ஆண்மக்களிடம் அது மீண்டும் தோன்றிற்று!

பல்லுக்கும் மயிருக்கும் வியர்வைக்கும் என்ன உறவு? கரு தொடக்கத்தில் மூன்று அடுக்குகளாக அமைகிறது. அவற்றுள் வெளியடுக்கிலிருந்தே மேல்தோல், மயிர், நகம், வியர்வைச் சுரப்பி, பல்லின் வெண்பூச்சு ஆகியவை உருவாகின்றன. இவற்றை எங்கெங்கே முளைக்கச் செய்வது என்று உயிரணுக்களுக்குச் செய்தி சொல்லும் புரதம் ஒன்று உண்டு. எக்ஸ் குரோமோசோமில் உள்ள அதற்குரிய மரபணு 1996-இல் கண்டறியப்பட்டது. அது பழுதுபட்டால் வருவதே ‘எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா’ என்னும் இந்நோயின் பெரும்பான்மை வகை.

பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று பெரும்பாலும் ஈடுசெய்யும். ஆணுக்கு ஒன்றே, அதுவும் தாயிடமிருந்து வருவது. ஆகவே பழுதைச் சுமக்கும் தாயின் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு சரிபாதி. டார்வின் கண்ட புதிரின் விடை இதுவே. இருபாலாரையும் ஒருங்கே தாக்கும் வேறொரு வகையும் உண்டு. நெருங்கிய உறவில் மணம் செய்யும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு மிகுதி.

பல் குறைந்தால் அழகுதானே குறையும் என்று எண்ணலாகாது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. திருப்பதியிலும் சித்தூரிலும் கோடை வெப்பம் நாற்பது பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. வியர்வை சுரக்காத பிள்ளையின் உடல் அப்போது அனலாய்க் கொதிக்கும். உயிருக்கே ஆபத்து நேரலாம். காய்ச்சல் என்றெண்ணி மருந்து கொடுத்தால் அச்சூடு தணியாது.

அடிக்கடி காரணமின்றிச் சுடும் பிள்ளையின் வாயைத் திறந்து பாருங்கள். பற்கள் மிகச் சிலவாகவும் முன்பற்கள் ஆப்புப்போல் கூராகவும் உள்ளனவா? முடியும் புருவமும் அருகிக் காண்கின்றனவா? நெற்றி புடைத்து, மூக்கின் தண்டு தாழ்ந்து, கண்ணைச் சுற்றித் தோல் கறுத்துச் சுருங்கியுள்ளதா? இவை சேர்ந்து காணின் உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். பல் முளைக்கத் தாமதமாவது ஒன்றே நோயாகிவிடாது. சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மரபியல் மருத்துவப் பிரிவும் இருக்கிறது.

நோயை அறிந்துகொண்டால் காப்பது அரிதன்று. ஈரத்துணி, குளிர்ந்த நீர், நிழல், நண்பகலில் வெளியே விளையாடாமை ஆகியவை போதிய காவலாகும். சிறு வயதிலேயே செயற்கைப் பல்வரிசை பொருத்தி, தாடை வளர வளர மாற்றலாம். இப்பிள்ளைகளின் அறிவுக்குப் பெரும்பாலும் குறைவில்லை. பள்ளியில் விசிறியடியில் ஓரிடம் தந்தால் போதும். செருமனியில் எர்லாங்கன் மருத்துவர்கள், கருவிலிருந்த இரட்டையரைச் சூழ்ந்த நீரில் அப்புரதத்தைச் செலுத்தினர். பிறந்த குழந்தைகளுக்கு வியர்வை சுரந்தது என்று 2018-இல் அறிவித்தனர்.

பழுதான மரபணுவைச் சுமந்ததற்காகத் தாயைப் பழிப்பது அறியாமை. அது அவள் தேடிக்கொண்டதும் அன்று, பாவத்தின் பலனும் அன்று. நண்பர்களே, கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது இதனைத் தமிழிலும் தெலுங்கிலும் பத்துப் பேருக்கேனும் எடுத்துச் சொல்லுங்கள்.