திரையில் தோன்றும் மேடும் பள்ளமும்

கணினித் திரை தட்டையானது. ஆயினும் அதிலுள்ள பொத்தான் புடைத்து நிற்பதாகவே கண் கொள்கிறது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 95 கையாண்ட முறை எளியது: பொத்தானின் மேலும் இடமும் வெண்கோடு; கீழும் வலமும் கருங்கோடு. ஒளி மேலிருந்து வரக் கண்டு பழகிய கண் அதனை மேடு என்கிறது. கோடுகள் இடம் மாறினால் பள்ளம் என்கிறது. அழுத்திய பொத்தான் அமிழ்ந்ததாகத் தோன்றுவது இவ்வாறே.

இத்தகைய கோட்டின் தடிப்பு ஒரே புள்ளி. ஈண்டுதான் இடர் எழுகிறது. 1984ஆம் ஆண்டின் மெக்கின்டாஷ் திரையில் அங்குலத்திற்கு 72 புள்ளிகள். 2012இல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ஏறத்தாழ 220. முன்னதற்கெனப் புள்ளிக் கணக்கில் வரைந்ததை அவ்வாறே பின்னதில் இட்டால், நீளமும் அகலமும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். கோடு மெலியவே மேடும் பள்ளமும் மங்கும்; முதியோர் கண்ணுக்கு எழுத்தும் புலப்படாது.

இதற்குத் தீர்வு யாது? உருவத்தைப் புள்ளிகளாக அன்றி, அளவாகவும் வளைகோடாகவும் குறித்து வைத்தலே. அகரத்தின் சுழியை வளைகோடாக வைத்தால், ஒவ்வொரு திரையும் தன் புள்ளிகளுக்கேற்ப அதனை வரைந்துகொள்ளும். ரெட்டினா திரையில் ஓர் அலகை அகலத்தில் 2, உயரத்தில் 2 என 4 புள்ளிகள் நிரப்பின. எழுத்தின் அளவு குன்றவில்லை, வடிவோ தெளிந்தது. நிழலின் தடிப்பையும் இவ்வாறே அலகால் குறித்தல் வேண்டும். அப்பொழுதுதான் எத்திரையிலும் பொத்தான் பொத்தானாகவே விளங்கும்.